படம் காண்க

எங்கள் இல்லத்தின் செய்தி மடலில் பணியாளர்களுக்கு முகம் உண்டு. பிள்ளைகளுக்கு முதுகு மட்டும்தான்.

சட்டம் அப்படி. பதினெட்டு வயதுக்குள் ஏதோ ஒரு வழக்கில் மாட்டி, இளையோர் நீதிமன்றம் அனுப்பி எங்களிடம் வந்து சேரும் பிள்ளை எதுவானாலும் அதன் பெயரையோ முகத்தையோ அச்சில் போடக் கூடாது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. நாளைக்கு அது வெளியே போய் ஒரு கடையில் வேலை கேட்கும்போது, பழைய படத்தைக் காட்டி யாரும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடக் கூடாது. ஆனால் அதனால் என் பிழைப்பு எப்படி ஆகிவிட்டது பாருங்கள். மாதாமாதம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னல்களையும் பிடரிகளையும் காலர்களையும் படம் பிடித்து வருவேன். தையல் போட்டியில் முதல் பரிசு என்றால் ஒரு முதுகு. மரம் நடும் நாள் என்றால் ஏழெட்டு முதுகுகள், நடுவில் மண்வெட்டியோடு பல்லைக் காட்டிக்கொண்டு கண்காணிப்பாளர். தப்பித் தவறி ஒரு பிள்ளை சட்டென்று திரும்பிவிட்டால், கணினியில் அந்த முகத்தின் மேல் ஒரு வெள்ளை வட்டம் போட்டு மூடிவிடுவேன்.

மடலின் பெயர் 'இளையோர் - பணியாளர் செய்திகள்'. பெயரில்தான் இளையோர் முதலில். உள்ளே அவர்களுக்குக் கிடைப்பது கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி. நான் அங்கே அலுவலக உதவியாளர். தட்டச்சு செய்வது, படமெடுப்பது, அச்சகத்துக்கு அலைவது, உறையில் போட்டு நிர்வாகக் குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்புவது எல்லாம் என் தலையில்தான். பிள்ளைகளுக்கு நான் பேப்பரக்கா. வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர், "பத்திரிகை ஆசிரியை வந்தாச்சு, காபி போடுங்கப்பா" என்பார். அவர் மட்டும் எழுந்து போட மாட்டார்.

பெண்கள் பிரிவின் பகல் காவலருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். அந்த அம்மாவின் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். சாப்பாட்டுக்கு ஒரு ஊதல், குளிக்க ஒரு ஊதல், சிரித்தால் ஒரு ஊதல். யாராவது வாயைத் திறந்தால் தண்டனை, சுவர்தான். மூக்குச் சுவரில் உரசுகிற தூரத்தில் நிற்க வேண்டும். அவராகப் பார்த்துப் போகச் சொல்லும்வரை திரும்பக் கூடாது. வெளியிலிருந்து வருபவர்கள் பெண்கள் பிரிவில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியைப் பார்த்து அசந்துபோவார்கள். கண்காணிப்பாளருக்கு அதில் பெருமை பிடிபடாது.

அந்த அமைதிக்கு ஒரே எதிரி ரேடியோ. பதினாறு வயதுப் பெண். வாய் மூடாது. சோப்பு விளம்பரத்திலிருந்து வானிலை அறிக்கைவரை எதையும் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவாள். கடையில் கைபேசிகளைத் திருடிய கூட்டத்தோடு பிடிபட்டு வந்தவள். இன்னும் ஒரு வருடம் அவள் எங்களோடு இருந்தாக வேண்டும். சனிக்கிழமைகளில் மடல்களை மடிக்கப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவார்கள். அந்த வேலைக்கு ரேடியோதான் முதல் ஆள். வேலையை விடப் பேச்சு அதிகம் நடக்கும். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

போன மாதம் அவள் மடிக்க வந்தபோது வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. கை கழுத்தில் தொங்கிய துணியில் கிடந்தது. இடது கையால் ஒரு தாளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டேனாம். அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"நீ என்ன சொல்ற?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பிரிவிலேயே சின்னவள், குரலும் சின்னது. ரேடியோ அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க ரெண்டு பேரையும் சுவர்ல நிக்க வெச்சாங்க. இவளுக்குத் தலை சுத்துச்சு. சாயுறா. நான் திரும்பி, மேடம் கொஞ்சம் தண்ணி குடுங்கன்னேன். திரும்புனியான்னு கையைப் பிடிச்சு முறுக்கித் திருப்புனாங்க. சத்தம் எனக்கே கேட்டுச்சு பேப்பரக்கா. திரும்பிப் பார்த்ததுக்குக் கையை உடைச்சாங்க."

நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். அவர் தன் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு என்கிட்டயும் சொல்லுச்சு. விசாரிச்சாச்சு."

"யாரை சார் விசாரிச்சீங்க?"

"காவலரைத்தான். வழுக்கி விழுந்ததுன்னு சொல்றாங்க. நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"பார்க்கல."

"அப்போ மடலைப் பாருங்க."

அன்றிலிருந்து ரேடியோ நின்றுபோனது. சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். விசில் எதையோ சாதித்துவிட்ட நடையோடு மேசைகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் இந்த மாத மடலுக்கு உத்தரவு வந்தது. முதல் பக்கத்தில் சிறந்த பணியாளர் விருது, பெறுபவர் விசில். அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடி அவரைப் பெண்கள் பிரிவின் தலைவியாக்கப் போகிறது. இப்போது பகலோடு போகிறது. தலைவியாகிவிட்டால் வளாகத்திலேயே வீடு, ராவும் பகலும் படுக்கைக் கூடத்துச் சாவி அவர் இடுப்பில். கேட்கக் கூட வேறு ஆள் இருக்காது. ரேடியோவுக்கு அந்தச் சாவிக்குள் ஒரு வருடம்.

"குழு உறுப்பினர்கள் முதல்ல பார்க்கறது நம்ம மடலைத்தான். பிள்ளைங்க அவரைச் சுத்தி நின்னு கை தட்டற மாதிரி ஒரு படம். அவரைப் பத்திப் பிள்ளைங்களோட கருத்து ரெண்டு வரி. 'எங்களுக்குத் தாய் போன்றவர்', அந்த மாதிரி" என்றார் கண்காணிப்பாளர்.

"பிள்ளைங்ககிட்ட கேட்டுடட்டுமா சார்?"

"அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா."

மறுநாள் முற்றத்தில் படம். விசில் கஞ்சி போட்டுத் தேய்த்த சீருடையில், விருதுப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார். பதினோரு பெண்களும் அவருக்கு எதிரே அரை வட்டமாக. அவர்கள் முகம் அவருக்கு, முதுகு எனக்கு. வழக்கமான ஏற்பாடு. ரேடியோ ஓரத்தில் நின்றாள். பின்னாலிருந்து பார்த்தால் அவள் கைக்கட்டுக்கூடத் தெரியவில்லை. கழுத்தில் ஒரு முடிச்சு தெரிந்தது, அவ்வளவுதான். முதுகுப் படத்தில் எது வேண்டுமானாலும் மறைந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன்.

மூணில் சுண்டு திரும்பினாள்.

"ஏய், யாருடி அது? மூஞ்சி விழுந்தா படம் வேஸ்ட்டு!" என்றார் விசில்.

"தும்மல் வந்துச்சு மேடம்."

மறுபடி எண்ணினேன். இந்த முறை மூன்று பேர் திரும்பினார்கள். ஒருத்திக்குக் கொசு கடித்ததாம். ஒருத்திக்குச் செருப்பு கழன்றதாம். மூன்றாமவள் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. விசிலின் முகம் சிவந்தது. "ஒழுங்கா நில்லுங்கடி, இல்லைன்னா எல்லாருக்கும் சுவர்தான்!"

மூன்றாவது முறை நான் எண்ணத் தொடங்கும் முன்னாலேயே பதினோரு பேரும் திரும்பிவிட்டார்கள்.

சிரிப்பில்லை, குறும்பில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கேமராக் கண்ணாடிக்குள் நான் ஒரு பிள்ளையின் கண்ணையும் இப்படிப் பார்த்ததில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவர்களுக்குப் பின்னால் விசில், பலகையைப் பிடித்தபடி, பதினோரு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"பேப்பரக்கா, எங்க மூஞ்சி தெரியற படத்தை மடல்ல போடலாமா?" ரேடியோ கேட்டாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் குரல்.

"போடக் கூடாது. சட்டப்படி தப்பு."

"அப்போ இந்த மேடத்தோட நாங்க நிக்கற படம் மடல்ல வராது."

"வராது."

"அது போதும்."

விசில் ஊதினார். யாரும் திரும்பவில்லை. கன்னம் உப்ப மறுபடி ஊதினார். முற்றத்துக் கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மட்டும் பறந்து போயின. இந்த வாரம் ஒருத்திக்கும் வீட்டுக்குத் தொலைபேசி கிடையாது என்று கத்தினார். மறுவாரம் வீட்டுக்குப் போக வேண்டியவள் சுண்டு. அவள் அம்மா எந்தப் பேருந்தில் வருவாள் என்று கேட்க அந்த ஒரு அழைப்பைத்தான் நம்பியிருந்தாள். அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன். இருந்தும் திரும்பவில்லை.

நான் அலுவலகத்துக்கு வந்து உட்காரக்கூட இல்லை, விசில் பின்னாலேயே வந்துவிட்டார்.

"உங்ககிட்ட பழைய படம் குப்பையாக் கிடக்கும்ல? அதுல நாலு முதுகை எடுத்து என் படத்தோட ஒட்டிடுங்க."

"இந்தப் பிள்ளைங்க நிக்க மாட்டேன்னுட்டாங்களே மேடம்."

"அட, முதுகுதானே? எவ முதுகா இருந்தா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

செய்ய முடியாத வேலை இல்லை. அரை மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். என் கணினியில் ஆயிரக்கணக்கான முதுகுகள் கிடக்கின்றன. அந்த அம்மா சொன்னதும் சரிதான், யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குச் சுருக்கென்று குத்தியது. தங்களுக்கு இருக்கிற ஒரே உரிமையைக் கண்டுபிடித்து அந்தப் பிள்ளைகள் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதைப் பிடுங்க ஒரு கத்தரிக்கோல் போதும், அதுவும் என் கத்தரிக்கோல்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேருந்து ஓட்டுபவர், முட்டிவலி என்று விடுப்பில் சோபாவில் காலை நீட்டியிருந்தார். எங்கள் மகள் மூலையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ வயதுதான்.

"உன் வாயை அப்படியே மடல்ல போட்டா நாலு பக்கம் பத்தாது. ஆனா உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காத" என்றார்.

"அப்போ ஒட்டிடட்டுமா?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மகள்தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, என் முதுகை வெட்டி எனக்குப் பிடிக்காத ஆளு பக்கத்துல ஒட்டினா நீ சும்மா இருப்பியா?"

"அவன் கையை வெட்டிடுவேன்" என்றேன்.

வீட்டுக்காரர் எழுந்து நொண்டிக்கொண்டே போய்க் காபி போட்டார். கல்யாணம் ஆன நாளாக நடக்காத அதிசயம்.

காலையில் முதல் வேலையாக அந்தப் படத்தைத் திறந்தேன். மூன்றாவதாக எடுத்தது, ரேடியோவிடம் வராது என்று சொன்ன அதே படம்; முகம் தெரியாது, உன் கட்டு தெரியும், போடட்டுமா என்று முதலில் அவளிடமே போய்க் கேட்டேன், போடுங்கக்கா என்றாள். பதினோரு முகங்களின் மேலும் வெள்ளை வட்டம் வைத்தேன். ஒரு கண், ஒரு புருவம், ஒரு காதுகூடத் தெரியாமல் பார்த்துப் பார்த்து மூடினேன். இனி சட்டப்படி எவரும் கைவைக்க முடியாது. ஆனால் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. தொங்கவிட்ட கைகள் தெரிந்தன. துணியில் கிடந்த ஒரு மாவுக்கட்டுக் கை பளிச்சென்று தெரிந்தது. பின்னால் விருதும் கையுமாக ஓர் அம்மா. கீழே பிள்ளைகளின் கருத்துக்கு விட்டிருந்த இடத்தில் ஒரே வரி தட்டினேன்: 'விருது பெற்றவரைப் பற்றி இளையோரின் கருத்து: படம் காண்க.'

கண்காணிப்பாளர் கையெழுத்து இல்லாமல் மடல் அச்சுக்குப் போகாது. அவர் மடலைப் பார்க்கும் விதம் எனக்கு மனப்பாடம். ஒரு விரலை வைத்துப் படம் படமாக முகம் தெரிகிறதா என்று மட்டும் தடவிப் பார்ப்பார். ஒரு தடவை ஏதோ ஒரு பிள்ளையின் பாதி முகம் அச்சாகி அவருக்கு மேலிடத்தில் செம திட்டு. அன்றிலிருந்து வந்த வழக்கம். அதை முடித்ததும் தன் பத்தியான 'கண்காணிப்பாளர் மேசையிலிருந்து' பக்கத்துக்குத் தாவி, எழுத்து எழுத்தாகப் படிப்பார்.

அன்றும் விரல் முதல் பக்கத்தில் இறங்கியது. வட்டம் வட்டமாகத் தொட்டது.

"முகம் எதுவும் தெரியலையே?"

"ஒண்ணுகூட தெரியல சார்."

"கருத்து சின்னதா இருக்கே?"

"சுருக்கமா சொல்லிட்டாங்க சார்."

"நல்லது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பத்திக்குப் போனார். அதில் ஒரு காற்புள்ளியை மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

குழு கூடிய அன்று நான் கூட்டக் குறிப்பு எழுத ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீள மேசையில் ஆளுக்கொரு மடல். தலைமை, இளையோர் நீதிமன்ற நீதிபதியம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு படிப்பவர். கண்காணிப்பாளர் விசிலின் சேவையைப் பற்றிப் பேச எழுந்தார். ஒழுக்கம் என்றார், அமைதி என்றார், அர்ப்பணிப்பு என்றார். நீதிபதியம்மா முதல் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"ஒரு நிமிஷம். இந்தப் பிள்ளைங்க ஏன் இந்தப் பக்கம் பார்த்து நிக்கறாங்க?"

கண்காணிப்பாளர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். நிஜமாகவே அப்போதுதான் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி நின்றது.

"சின்னப் பிள்ளைங்க... ஏதோ விளையாட்டு..."

"இத்தனை வருஷமா மடல் வருது, முதுகைத் தவிர ஒண்ணும் பார்த்ததில்லை. இன்னைக்கு அத்தனை பேரும் திரும்பியிருக்காங்க. 'இளையோரின் கருத்து: படம் காண்க.'" சத்தமாகப் படித்தார். "பார்த்தாச்சு. இந்தக் கைக்கு என்ன ஆச்சு?"

"குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துடுச்சுங்க" என்றார் விசில், முந்திக்கொண்டு.

"உங்களைக் கேட்கல." நீதிபதியம்மா எழுந்தார். "அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுக்கறேன். தனியா. உங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம்."

பெண்கள் பிரிவின் வாசிப்பறைக் கதவு சாத்தப்பட்டது. நாங்கள் நடைவழியில் நின்றோம். வார்த்தைகள் காதில் விழவில்லை, ஆனால் குரல் விழுந்தது. முதலில் மெதுவாக, விட்டு விட்டு. பிறகு கடகடவென்று, மூச்சு விடாமல். ரேடியோ வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விசில் கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவுக்குப் பிறகு சுண்டு உள்ளே போனாள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. பதினோரு பேரும் போய் வந்தார்கள்.

தலைவி நியமனம் அன்றே நின்றது. விசாரணை முடியும்வரை விசில் பெண்கள் பிரிவில் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவானது. சாவிக்கொத்தைத் தலைமை எழுத்தர் மேசையில் வைத்தபோது விசில் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சுண்டுவுக்குத் தொலைபேசி கிடைத்தது.

கண்காணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே அம்மா!"

"நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்ட மடல்தானே சார்?"

பதிலுக்கு இடமாற்ற உத்தரவை நீட்டினார். மடலைக் கணினி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு என்னைச் சாமான் அறைக்கு அனுப்பினார். சோப்பு, துடைப்பம், போர்வை, பினாயில். ஜன்னல் இல்லாத அறை. அங்கே போட்டால் புழுங்கிச் செத்துப் போவேன், காலில் வந்து விழுவேன் என்று நினைத்திருப்பார். நான் போன முதல் நாளே வீட்டிலிருந்து ஒரு மேசை விசிறியைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த கையோடு ஒருநாள் ரேடியோ சோப்பு வாங்க வந்தாள். கை மெலிந்து வெளுத்திருந்தது. வந்ததும் வராததுமாகச் சோப்பு விளம்பரத்தை ராகம் போட்டு ஒப்பித்தாள். பிறகு சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மடலின் முதல் பக்கம். பதினோரு வெள்ளை வட்டங்களும் நிரம்பியிருந்தன. ஆளாளுக்குத் தன் முகத்தைத் தானே பேனாவால் வரைந்திருந்தார்கள். ஒருத்திக்கு நாக்கு நீட்டியிருந்தது. ஒருத்தி தனக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தாள். சுண்டு வீட்டுக்குப் போகும் முன் முதல் ஆளாக வரைந்துவிட்டுப் போனாளாம். கண் இரண்டும் முட்டை முட்டையாக இருந்தன.

"உன் முகத்துல ஏண்டி வாய் இவ்வளவு பெரிசா திறந்திருக்கு?"

"பேசிக்கிட்டிருக்கேன்க்கா" என்றாள்.

கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அதைச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துக் கண்காணிப்பாளர் சரக்கு பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதை எடுங்க. பிள்ளைங்க முகத்தைக் காட்டக் கூடாது. சட்டம் தெரியும்ல?"

"தெரியும் சார். முழுசாப் படிச்சிருக்கேன். அவங்களே வரைஞ்ச முகத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை."

"நான் சொல்றேன், எடுங்க."

"எழுத்துல குடுங்க சார், எடுத்துடறேன்."

சுவரிலிருந்து பதினோரு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பினாயில் இருப்பு எவ்வளவு என்று கேட்டார், போய்விட்டார். எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.